சவ்வுக்குள் உறைந்த இழுவிசை: ஆய்வு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாலிமர்ச் சவ்வுகளை வார்த்துச் சோதிக்கும் ஆய்வு மாணவர்களுக்கும், அவர்களை நெறிப்படுத்தும் ஆசிரியர்களுக்கும்,



வாயுப் பிரிப்புக்கான புதிய பாலிமர் ஒன்றைப் பற்றிய ஆய்வேடு எதை எடுத்துப் பார்த்தாலும் அதன் மையத்தில் இரண்டு எண்கள் நிற்கின்றன: ஒரு வாயு எவ்வளவு எளிதாகச் சவ்வைக் கடக்கிறது என்பதைச் சொல்லும் ஊடுருவுதிறன் ஒன்று, இரண்டு வாயுக்களின் ஊடுருவுதிறன்களுக்கு இடையேயான விகிதமாகிய தேர்வுத்திறன் மற்றொன்று. இவ்விரண்டையும் அச்சுகளாகக் கொண்டு லாய்டு ராப்சன் 1991-ல் வரைந்து 2008-ல் திருத்திய எல்லைக்கோட்டு வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கப்படுகிறது; புள்ளி கோட்டைத் தாண்டினால் பாலிமர் பாராட்டப்படுகிறது, வெகுவாகக் கீழே விழுந்தால் கைவிடப்படுகிறது. அந்தப் புள்ளி பாலிமரின் வேதியமைப்புக்கு மட்டும் உரியதன்று. படலம் எந்தத் தட்டின் மேல், எந்தக் கரைப்பானிலிருந்து, எவ்வளவு வேகமாக உலர்ந்தது, எந்த வெப்பநிலையிலிருந்து எப்படிக் குளிர்ந்தது என்பவற்றுக்கும் உரியது. இதை நினைவூட்டுவதும், அந்த வரலாற்றின் அளக்கத்தக்க எச்சமாகிய அகத்தகைவை மூன்றாவது எண்ணாக அட்டவணையில் சேர்க்கும்படி கேட்பதுமே இம்மடலின் நோக்கம்.

தகைவு என்பது ஓரலகுப் பரப்பின் மீது செயல்படும் விசை. வெளியிலிருந்து யாரும் இழுக்காமலும் அமுக்காமலும் இருக்கும்போதே ஒரு பொருளுக்குள் தங்கியிருக்கும் தகைவே அகத்தகைவு எனப்படுகிறது. அது தேர்வுத்திறனை ஏன் தொட வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள, பிரிப்பு நடக்கும் விதத்தை ஒருமுறை நினைவுகூர வேண்டும். அடர்ந்த பாலிமர்ப் படலத்தில் நிலையான துளை எதுவும் இல்லை. வாயு மூலக்கூறு ஒரு பக்கத்தில் கரைந்து, சங்கிலிகளின் அசைவால் கணநேரம் திறந்து மூடும் இடைவெளிகளின் வழியே தாவித் தாவி விரவி, மறுபக்கத்தில் வெளியேறுகிறது. ஆகவே ஊடுருவுதிறன் என்பது கரைதிறன், விரவுதிறன் ஆகிய இரண்டின் பெருக்கற்பலன். கார்பன் டை ஆக்சைடின் இயக்க விட்டம் 0.33 நானோமீட்டர், மீத்தேனுடையது 0.38, ஆக்சிஜன் 0.346, நைட்ரஜன் 0.364. இயற்கை வாயுவைச் சவ்வால் தூய்மைப்படுத்தும் முறை பெரிதும் சார்ந்து நிற்கும் அளவு வேறுபாடு ஒரு ஹைட்ரஜன் அணுவின் விட்டத்தில் ஏறத்தாழப் பாதிதான். சங்கிலிகள் தாமே அடைத்துக்கொண்ட இடம் போக எஞ்சும் வெற்றிடத்தைக் கட்டற்ற கனஅளவு என்பர். சவ்வுக்குப் பயன்படும் கண்ணாடிநிலைப் பாலிமர்கள் பலவற்றில் அது மொத்தக் கனஅளவில் 15 முதல் 20 விழுக்காடு வரை இருக்கும். அந்த வெற்றிடம் சற்றே கூடினாலும் எல்லா மூலக்கூறுகளும் வேகமாகக் கடக்கும், ஆனால் பெரிய மூலக்கூறு சிறியதைவிடக் கூடுதல் விகிதத்தில் ஆதாயம் பெறும் என்பதால் தேர்வுத்திறன் சரியும்.

அகத்தகைவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு, சோதனைக்கூட மேசையின் மேல் அன்றாடம் நடக்கும் வேலையே விடை சொல்கிறது. கண்ணாடித் தட்டின் மீது கரைசல் ஊற்றப்பட்டு, வார்ப்புக் கத்தியால் பரப்பப்பட்டு, உலர விடப்படுகிறது. தொடக்கத்தில் கரைப்பான் ஆவியாக ஆவியாகச் சங்கிலிகள் வழிந்து நகர்ந்து தம்மைச் சரிசெய்துகொள்கின்றன. தகைவு எதுவும் சேர்வதில்லை. கரைப்பான் குறையக் குறையக் கலவையின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை, அதாவது சங்கிலிகளின் நெடுந்தூர அசைவு உறைந்துபோகும் வெப்பநிலை, ஏறிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் அறையின் வெப்பநிலையைத் தொடுகிறது. அக்கணத்தில் படலம் திண்மமாகிவிடுகிறது, ஆனால் அதற்குள் இன்னும் கணிசமான கரைப்பான் இருக்கிறது. அதன் பிறகு வெளியேறும் ஒவ்வொரு துளிக்கும் ஈடாகப் படலம் சுருங்க வேண்டும். தட்டோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் பக்கவாட்டில் சுருங்க முடியாது, தடிப்பில் மட்டுமே சுருங்க முடியும். மறுக்கப்பட்ட அந்தப் பக்கவாட்டுச் சுருக்கமே படலத்தின் தளத்தில் எல்லாத் திசைகளிலும் இழுவிசைத் தகைவாக உறைந்து நிற்கிறது. கரைப்பானிலிருந்து வார்க்கப்படும் பூச்சுகளில் இத்தகைவின் அளவைத் தீர்மானிப்பது திண்மமான பின் இழக்கப்படும் கரைப்பானே என்றும், அதனால் தகைவு படலத்தின் தடிப்பைச் சார்ந்ததன்று என்றும் எஸ். ஜி. குரோல் 1979-ல் விளக்கினார். தடிப்பைக் குறைத்தால் தகைவு குறைந்துவிடும் என்று எண்ணுவோர் இன்றும் உண்டு என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது ஊற்று குளிர்தல். எஞ்சிய கரைப்பானை விரட்டுவதற்காகப் படலம் வெற்றிட அடுப்பில் சூடாக்கப்பட்டு, பிறகு அடுப்பை அணைத்தோ, அவசரமாக வெளியே எடுத்தோ குளிர்விக்கப்படுகிறது. அலுமினா போன்ற பீங்கான் ஆதாரம் ஒரு பாகை வெப்பமாற்றத்துக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 8 பங்கு விரியும். பாலிமர்களில் பல 50 முதல் 70 பங்கு வரை விரியும். வேறுபாட்டை 50 என்றும், யங் குணகத்தை 3 கிகாபாஸ்கல் என்றும், பாய்சான் விகிதத்தை 0.35 என்றும் கொண்டு கணக்கிட்டால், 100 பாகை குளிர்ந்ததும் படலத்தில் சேரும் இழுவிசைத் தகைவு சுமார் 23 மெகாபாஸ்கல் என்று வருகிறது. இது சிறிய எண்ணன்று. பல பாலிமர்களின் இழுவலிமையில் மூன்றில் ஒரு பங்கை அது நெருங்குகிறது.

மூன்றாவது ஊற்று நீர். எதிர்ச் சவ்வூடு பரவலுக்காகச் செய்யப்பட்ட ஈரமான செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வைக் காயவைத்து வாயுப் பிரிப்புக்குப் பயன்படுத்த முயன்றவர்கள், அதன் நுண்துளை அடுக்கு நொறுங்கி அடைபட்டுப் போவதைக் கண்டார்கள். 10 நானோமீட்டர் ஆரமுள்ள துளையில் நிற்கும் நீரின் வளைபரப்பு, மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன் என்ற தன் பரப்பு இழுவிசையால், துளைச் சுவர்களை 14 மெகாபாஸ்கலுக்கும் அதிகமான அழுத்தத்தோடு உள்நோக்கி இழுக்கிறது. நீரை முதலில் ஆல்கஹாலாலும் அதைப் பின்னர் ஹெக்சேனாலும் மாற்றிவிட்டு உலர்த்தும் வழக்கம் இதனால்தான் வந்தது: ஹெக்சேனின் பரப்பு இழுவிசை சுமார் 18 மில்லிநியூட்டன் மட்டுமே என்பதால் இழுப்பு நான்கில் ஒரு பங்காகிறது. கரைப்பான் மாற்றம் என்று ஆய்வேடுகளின் செய்முறைப் பகுதியில் ஒரே வரியில் கடந்துபோகும் அந்தப் படி, உண்மையில் தகைவைக் கட்டுப்படுத்தும் படி.

இனி, மடல் எழுதப்பட்டதற்கு உண்மையான காரணமான இடத்துக்கு வரலாம். எதிர்பார்த்த தேர்வுத்திறன் கிடைக்காதபோது, அகத்தகைவால் சங்கிலிகளின் இடைவெளி விரிந்து தேர்வுத்திறன் குறைந்தது என்று எழுதிவிடும் பழக்கம் பரவலாக உள்ளது. அந்த வாக்கியம் பாதி உண்மை. எஞ்சிய பாதியைக் கணக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தளத்தின் இரு திசைகளிலும் 20 மெகாபாஸ்கல் இழுவிசை நிற்கிறது என்று கொள்வோம். மேலே சொன்ன குணகங்களோடு மீள்தன்மை விதிப்படி கணக்கிட்டால் கனஅளவு விரிவு 0.4 விழுக்காடு. அது முழுவதும் கட்டற்ற கனஅளவிலேயே சேர்கிறது என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் 17 விழுக்காடாக இருந்த கட்டற்ற கனஅளவு 17.3 ஆகிறது. ஊடுருவுதிறன் கட்டற்ற கனஅளவின் தலைகீழியை எதிர்க்குறி அடுக்காகக் கொண்டு மாறும் என்ற வழக்கமான தொடர்பைப் பயன்படுத்தினால், கார்பன் டை ஆக்சைடின் ஊடுருவுதிறன் பத்து விழுக்காடு அளவுக்கும், மீத்தேனுடையது அதைவிட ஒரு விழுக்காடு கூடுதலாகவும் உயரும். விகிதத்தில் ஏற்படும் இழப்பு ஒரு விழுக்காட்டை ஒட்டியது. வாயுக் கலவையைப் பகுத்து அளக்கும் கருவியின் வழக்கமான பிழைக்குள் அது அடங்கிவிடும். 30 ஆக இருக்க வேண்டிய தேர்வுத்திறன் 15 ஆக அளக்கப்பட்டதற்குச் சீரான மீள்விரிவு காரணமாக இருக்க வழியில்லை.

அப்படியானால் பழி எதன் மேல் விழும்? தகைவு சராசரியாகப் பரவி நிற்கும் இடத்தின் மேல் அன்று, அது குவியும் இடத்தின் மேல். ஒரு தூசு, ஒரு காற்றுக்குமிழி, ஆதாரத்தில் உள்ள ஒரு பெருந்துளையின் விளிம்பு ஆகியவற்றைச் சுற்றித் தகைவு பல மடங்காகப் பெருகி, நுண்விரிசலையோ ஊசித்துளையையோ திறந்துவிடுகிறது. அத்தகைய துளையில் கரைதலும் விரவலும் இல்லை; மூலக்கூறுகள் சுவரில் மோதி மோதி ஓடும் நுட்சன் ஓட்டமே உண்டு, அதில் வேகம் மூலக்கூறு எடையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். எனவே கார்பன் டை ஆக்சைடைவிட மீத்தேனே அங்கே வேகமாகச் செல்லும், விகிதம் 0.6. குறையற்ற ஒரு தோல் அடுக்கு 30 பங்கு கார்பன் டை ஆக்சைடுக்கு 1 பங்கு மீத்தேனை விடுகிறது என்று வைத்துக்கொண்டால், துளைகள் மேலும் 1 பங்கு மீத்தேனையும் 0.6 பங்கு கார்பன் டை ஆக்சைடையும் கசியவிட்டதும் மொத்தம் 30.6-க்கு 2 ஆகிறது. தேர்வுத்திறன் 15.3-க்கு விழுந்துவிட்டது, கார்பன் டை ஆக்சைடின் ஓட்டமோ வெறும் 2 விழுக்காடுதான் கூடியிருக்கிறது. முதன்மை வாயுவின் ஊடுருவுதிறன் சரியாக இருக்கிறதே, படலத்தில் குறையில்லை என்று முடிவு கட்டுவோர் ஏமாறும் இடம் இதுவே.

தொழில்துறை இப்பாடத்தை முன்பே கற்றிருக்கிறது. மான்சாண்டோ நிறுவனத்தில் ஹெனிஸ், டிரிபோடி இருவரும் பாலிசல்போன் உள்ளீடற்ற இழைகளோடு போராடியபோது, தோல் அடுக்கின் பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஊசித்துளை இருந்தாலே பிரிப்பு கெட்டுவிடுகிறது என்பதை உணர்ந்தார்கள்; குறையே இல்லாத தோலைச் செய்ய முயல்வதை விட்டுவிட்டு, தேர்வுத்திறன் மிகக் குறைந்த சிலிக்கோன் ரப்பரை மேலே மெல்லப் பூசித் துளைகளை அடைத்தார்கள். அந்தப் பூச்சு தானாக எதையும் பிரிப்பதில்லை, துளைக்குள் நுட்சன் ஓட்டத்தைத் தடுப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அமோனியா ஆலைகளின் கழிவோட்டத்திலிருந்து ஹைட்ரஜனை மீட்கும் பிரிசம் கருவிகள் 1980-ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்தது இந்த எளிய யோசனையின் பலத்தில்தான்.

தடிப்பு இங்கே மீண்டும் வருகிறது. தகைவு தடிப்பைச் சார்ந்ததில்லை என்றாலும், விரிசல் ஓடும்போது விடுபடும் ஆற்றல் தகைவின் வர்க்கத்தோடும் தடிப்போடும் நேர்விகிதத்தில் கூடும். கோடையில் வற்றும் ஏரியின் கனத்த சேறு பாளம் பாளமாக வெடிப்பதும், கரையோரத்து மெல்லிய படிவு வெடிக்காமல் காய்வதும் இவ்விதியாலேயே. ஆகவே மெல்லிய தோல் அடுக்கு முழுநீள விரிசலுக்குத் தப்பிவிடும். தூசுக்கும் குமிழிக்கும் தப்பாது, ஏனெனில் அவற்றின் அளவே தோலின் தடிப்புக்குச் சமமாக இருக்கக்கூடும். சுத்தமான வார்ப்பறை என்பது ஆடம்பரமன்று என்று இதனோடு சேர்த்துச் சொல்லிவிடலாம்.

கலப்புச் சவ்வுகளில், அதாவது பாலிமருக்குள் சியோலைட் போன்ற மூலக்கூறு சல்லடைத் துகள்களைத் தூவிச் செய்யும் சவ்வுகளில், இவ்விவகாரம் இன்னும் நுட்பமாகிறது. ஒவ்வொரு துகளும் சுருங்க மறுக்கும் ஒரு சிறு ஆதாரம். உலரும் பாலிமர் அதைச் சுற்றிச் சுருங்கப் பார்க்கிறது, படலம் தட்டோடு ஒட்டியிருப்பதால் தட்டு ஒருபுறமும் துகள் மறுபுறமுமாக இழுபறி நடக்கிறது. ஒட்டுறவு வலுவற்றிருந்தால் பாலிமர் துகளை விட்டு விலகி, துகளைச் சுற்றிக் கூண்டுபோல் ஒரு வெற்றிடம் உருவாகிறது. வாயு துகளுக்குள் நுழையாமல் வெற்றிடத்தின் வழியே சுற்றிப் போய்விடுவதால் ஊடுருவுதிறன் கூடுகிறது, தேர்வுத்திறன் வெறும் பாலிமருடையதாகவே நிற்கிறது. ஒட்டுறவு வலுவாக இருந்தாலோ, துகளை ஒட்டிய பாலிமர் அடுக்கில் சங்கிலிகள் இறுகி அசைவிழந்து, அங்கே ஊடுருவுதிறன் குறைந்து தேர்வுத்திறன் சற்று உயர்கிறது. ஒரே உலர்தல் தகைவு, ஒட்டுறவு மாறியதும் நேரெதிரான இரண்டு விளைவுகளைத் தருகிறது என்பதை மூர், கோரோஸ் ஆகியோர் 2005-ல் வகைப்படுத்திக் காட்டினார்கள். கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை அறை வெப்பநிலையை ஒட்டியே அமைந்த பாலிவினைல் அசிட்டேட்டில் சியோலைட் 4ஏ நன்கு ஒட்டுவதும், விறைப்பான பாலிஇமைடுகளில் அதே துகள் கூண்டுக்குள் நிற்பதும் தற்செயல் அன்று: முன்னதில் தகைவு சேரும்போதே தளர்ந்துவிடுகிறது, பின்னதில் சேர்ந்தது அப்படியே உறைகிறது. விறைப்பான பாலிமர்தான் வேண்டும் என்றால் கொதிநிலை உயர்ந்த கரைப்பானைக் கொண்டு உயர்ந்த வெப்பநிலையில் மெல்ல உலர்த்தி, சங்கிலிகள் நெகிழ்ந்திருக்கும் காலத்தை நீட்டிப்பதே வழி.

தளர்த்துவது எப்போதும் நன்மையா என்றால், அதுவும் அவ்வளவு எளிதான விடை கொண்டதன்று. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோபும் ஸ்ரீனிவாச சௌரிராஜனும் 1960-ஐ ஒட்டி உருவாக்கிய செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வு, வார்த்த நிலையில் உப்பைப் போதிய அளவு தடுக்கவில்லை; சுமார் 80 பாகை செல்சியஸ் வெந்நீரில் வைத்து எடுத்ததும் தோல் அடுக்கு சுருங்கி இறுகி, உப்பு விலக்கம் வெகுவாக உயர்ந்தது, நீரோட்டம் குறைந்தது. கோலிங்கா என்ற சிற்றூருக்கு 1965-ல் எதிர்ச் சவ்வூடு பரவலால் குடிநீர் தந்தது அவ்வகைச் சவ்வே. சுருங்குவதற்கு இடம் கொடுத்தபோது தகைவு தளர்ந்தது, இடைவெளியும் மூடியது. அதே சூடு ஆதாரத்தோடு இறுகப் பிணைந்த படலத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தால் சுருக்கம் தடுக்கப்பட்டு, குளிரும்போது புதிய தகைவு சேர்ந்திருக்கும். வெப்பப் பதனிடல் என்று மட்டும் குறித்துவிட்டு, படலம் சட்டத்தில் பிடிக்கப்பட்டிருந்ததா, விடுதலையாகக் கிடந்ததா என்பதைச் சொல்லாத செய்முறைக் குறிப்பு அரைகுறையானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மான்செஸ்டரில் பட், மெக்கியோன் குழுவினர் 2004-ல் அறிவித்த பிம்-1 என்ற நுண்வெற்றிடப் பாலிமர் இதற்கு மறுகோடி. அதன் படலத்தை மெத்தனாலில் ஊறவைத்து உலர்த்தினால், எஞ்சிய கரைப்பானும் வார்ப்பின் நினைவும் கழுவப்பட்டு, ஊடுருவுதிறன் பல மடங்கு உயர்கிறது; பிறகு நாள்பட நாள்படச் சங்கிலிகள் மெல்ல நெருங்கி அடைந்து, ஊடுருவுதிறன் இறங்கித் தேர்வுத்திறன் ஏறுகிறது. இயல்பு மூப்பு எனப்படும் இந்த நெருக்கம் மெல்லிய படலங்களில் வேகமாக நடக்கும் என்பது பாலிசல்போன் உள்ளிட்ட பல பாலிமர்களில் உறுதியாகியிருக்கிறது. ஆகவே தடித்த படலத்தில் வார்த்த மறுநாள் அளந்த எண்ணும், 200 நானோமீட்டர்த் தோலில் ஒரு மாதம் கழித்து அளந்த எண்ணும் ஒரே பாலிமரின் பெயரில் ஒரே வரைபடத்தில் இடம்பெறும்போது, அங்கே ஒப்பிடப்படுவது பாலிமர்களா, அவற்றின் வயதா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இயக்கத்தின்போது சேரும் தகைவும் உண்டு. உயர் அழுத்தக் கார்பன் டை ஆக்சைடு பாலிமரில் மிகுதியாகக் கரைந்து அதை ஊதச் செய்கிறது. பக்கவாட்டில் பிணைக்கப்பட்ட படலத்தில் அது அமுக்கத் தகைவாகிறது, சங்கிலிகள் நெகிழ்ந்து அத்தகைவைத் தளர்த்திக்கொள்கின்றன, அழுத்தம் இறக்கப்பட்டதும் படலம் பழைய நிலைக்குத் திரும்பாமல் இழுவிசையோடும் கூடுதல் வெற்றிடத்தோடும் நிற்கிறது. அழுத்தத்தை ஏற்றும்போது ஒரு பாதையும் இறக்கும்போது வேறொரு பாதையுமாக அளவீடுகள் அமைவது இதன் அடையாளம். ஏற்றத்தை மட்டும் அளந்து வெளியிடுவது போதாது.

தகைவு எப்போதும் எதிரியன்று என்பதையும் ஓரமாகக் குறிக்க வேண்டும். நஃபியான் சவ்வை இழுத்து நீட்டி அந்நிலையிலேயே பதனிட்டால், புரோட்டான் கடத்தல் பெரிதும் கெடாமல் மெத்தனால் கசிவு குறைகிறது. மின்கலங்களில் பயன்படும் நுண்துளைப் பாலிபுரொப்பிலீன் பிரிப்பான்களில் துளைகளே திட்டமிட்ட இழுப்பால் திறக்கப்பட்டவை. வேண்டிய திசையில், வேண்டிய அளவில் இழுப்பது பொறியியல்; எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்றே தெரியாமல் அளப்பதுதான் குறை.

அளப்பதற்கு அரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. 1909-ல் ஸ்டோனி தந்த சமன்பாட்டின்படி, மெல்லிய பட்டையொன்றின் ஒரு முகத்தில் பூசப்பட்ட படலத்தின் தகைவு அப்பட்டை வளையும் ஆரத்திலிருந்து கிடைத்துவிடும்; அதில் படலத்தின் யங் குணகம்கூடத் தேவைப்படுவதில்லை, பட்டையின் குணகமும் இரண்டின் தடிப்புகளும் போதும். நுண்ணோக்கிக்குப் பயன்படும் 0.15 மில்லிமீட்டர் மூடுகண்ணாடி ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பிடித்து 40 மில்லிமீட்டர் நீளத்தை விடுவித்து, அதன் மேல் 10 மைக்ரோமீட்டர் படலம் உலரும்படி வார்த்தால், 20 மெகாபாஸ்கல் தகைவு மறுமுனையை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தூக்கும். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் தூசு படிந்து கிடக்கும் நகரும் நுண்ணோக்கி அதை எளிதாகப் படித்துவிடும். உலரும் நேரம் முழுவதும் முனையின் உயரத்தைக் குறித்து வந்தால், படலம் எந்தக் கணத்தில் திண்மமாயிற்று என்பதும் வளைகோட்டின் திருப்பத்தில் தெரிந்துவிடும். சவ்வு வார்க்கப்படும் அதே கரைசலை, அதே அறையில், அதே மூடியின் கீழ் இப்பட்டையின் மேலும் வார்த்து வைப்பது உங்கள் வேலைநாளில் சில நிமிடங்களையே எடுத்துக்கொள்ளும்.

இவ்வாறு கிடைத்த எண்ணைத் தேர்வுத்திறனோடு சேர்த்து வாசிக்கும் முறையையும் சொல்லிவிடலாம். தேர்வுத்திறன் குறைந்த படலத்தை முதலில் சிலிக்கோன் பூச்சுக்கு உட்படுத்த வேண்டும். எண் மீண்டால் குற்றவாளி ஊசித்துளை, பட்டையில் அளந்த தகைவு அத்துளை பிறந்த காரணத்தைச் சொல்லும். மீளாவிட்டால் படலத்தைத் தட்டிலிருந்து உரித்து, விடுதலையான நிலையில் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே பதனிட்டு, மெல்லக் குளிர்வித்து மறுபடி அளக்க வேண்டும். பட்டையின் வளைவும் அதே சூட்டில் இறங்கியிருந்து தேர்வுத்திறனும் மீண்டிருந்தால், சங்கிலிகளின் அடுக்கத்தில் உறைந்திருந்த வரலாறே காரணம். வளைவு இறங்கியும் தேர்வுத்திறன் அசையாமல் நின்றால் மட்டுமே, அந்த எண்ணைப் பாலிமரின் வேதியமைப்பின் பெயரில் எழுதலாம்.